கரண்ட் வேலைக்கு லைசென்ஸ்... கேபிள் வேலைக்கு? கம்பத்தில் தொங்கும் உயிர்கள்!

வீட்டுக்கு ஒயரிங் செய்ய ஆள் வந்தால், "லைசென்ஸ் வச்சிருக்கீங்களா?" என்று நாலு பேராவது கேட்பார்கள். அதே வீட்டுக்கு நெட் கனெக்‌ஷன் கொடுக்க ஏணியோடு வரும் பையனிடம் யாரும் அப்படிக் கேட்பது இல்லை. கேட்டாலும் காட்ட அவரிடம் ஒன்றும் கிடையாது. காரணம், அப்படி ஒரு லைசென்சே இங்கே இல்லை!

2020 ஊரடங்குக்குப் பிறகு நெல்லை, தென்காசி, தூத்துக்குடி பக்கம் சின்ன கிராமம் வரைக்கும் ஃபைபர் இன்டர்நெட் போய்விட்டது. பல தெருக்களில் கேபிளுக்கு என்று தனிக் கம்பம் கிடையாது. மின்வாரியத்தின் கம்பம்தான். மேலே நாலு கம்பியில் 230, 400 வோல்ட் ஓடுகிறது. சில கம்பங்களில் அதற்கும் மேலே 11 ஆயிரம் வோல்ட். அதற்குக் கீழே கொடி கட்டின மாதிரி கறுப்பு ஒயர்கள். அதைக் கட்ட ஏறுகிறவர் பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து வயசுப் பையன். காலில் ரப்பர் செருப்பு, கையில் கட்டிங் பிளேயர். அவ்வளவுதான் பாதுகாப்பு.

கரண்ட் இல்லைதான்... ஆனால்?

"ஃபைபர்ல கரண்ட் ஓடாதுண்ணே, வெறும் லைட்டுதான்" என்பது இந்தத் தொழிலில் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு. பேச்சு தப்பில்லை. முடி அளவு கண்ணாடி இழைக்குள் ஒளிதான் போகிறது. ஆனால் தெருவில் இழுக்கும் கேபிளில் கண்ணாடி மட்டுமா இருக்கு? பாரம் தாங்குவதற்காகப் பலவற்றில் கூடவே ஒரு எஃகுக் கம்பி வைத்திருப்பார்கள். ஆடிக் காற்றில் கட்டு அவிழ்ந்து அந்தக் கேபிள் மின் கம்பியில் உரசி, மேல் தோல் கிழிந்தால், எஃகுக் கம்பி வழியாகக் கரண்ட் நேராக இறங்கும். நாலு கம்பம் தள்ளி அதே கேபிளைப் பிடித்து இழுக்கிற பையனுக்கு அது எப்படித் தெரியும்?

எஃகுக்குப் பதில் கண்ணாடி நார்த் தண்டு வைத்த கேபிளும் மார்க்கெட்டில் இருக்கு. அதில் கரண்ட் பாயாது. எதை எங்கே போடணும் என்று சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை.

பழைய டி.வி. கேபிள் கதை வேறு. அதில் செம்பு, அலுமினியம் எல்லாம் உண்டு. ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குக் கேபிள் வழியாகவே கரண்ட் அனுப்புவதும் உண்டு. ஃபைபரில் இன்னொரு ஆபத்து கண்ணுக்கு. வேலை செய்கிற லைனின் வெட்டிய முனையை "லைட் வருதா" என்று உற்றுப் பார்க்கக் கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

முதலாளிக்குப் பதிவு, தொழிலாளிக்கு?

விதிமுறை இல்லாமல் இல்லை. தாழ்வழுத்த மின் கம்பி ரோட்டைக் குறுக்கே கடந்தால் 5.8 மீட்டர் உயரம் இருக்கணும். ரோட்டு ஓரமாகப் போனால் 5.5 மீட்டர். மின்கம்பத்தில் வேறு ஒயர் கட்டணும் என்றால் மின்வாரியத்திடம் அனுமதி வாங்கணும். கேபிள் ஆபரேட்டருக்கு 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவும் உண்டு. முன்பு தலைமைத் தபால் ஆபீசில் வருஷா வருஷம் செய்தார்கள். 2025 ஜனவரி முதல் மத்திய அரசின் இணையதளத்தில் 5 ஆண்டுக்குச் சேர்த்து, கட்டணம் 5 ஆயிரம் ரூபாய். இதெல்லாம் ஆபரேட்டருக்கு. ஏணியில் ஏறுகிறவர் என்ன படித்தார் என்பதற்கு அதில் இடம் இல்லை.

மின்சார வேலையில் அப்படி இல்லை. 5 வருஷ ஒயரிங் அனுபவம், 21 வயசு இருந்தால்தான் மின்கம்பியாள் உதவியாளர் தேர்வுக்கே விண்ணப்பிக்க முடியும். ஒரே கம்பம், ஒரே ஆபத்து. ஒருத்தருக்குத் தேர்வு, இன்னொருத்தருக்கு ஒன்றும் இல்லை. இது என்ன நியாயம்?

ஆஸ்திரேலியாவில் வீட்டுச் சுவருக்குள் போன் ஒயர் இழுக்கக்கூட பதிவு பெற்ற கேபிளராக இருக்கணும். முழுப் பதிவுக்குப் படிப்போடு 360 மணி நேர வேலை அனுபவமும் காட்டணும். 'எஸ்.009' என்று ஒரு விதிப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். வீட்டு மின் ஒயருக்கும் டெலிபோன் ஒயருக்கும் நடுவே 5 சென்டிமீட்டர் இடைவெளி, இல்லாவிட்டால் தடுப்பு என்பது வரை அதில் இருக்கு. 2020-ல் அந்தப் புத்தகத்தைத் திருத்தினார்கள். இருபது வருஷம் வேலை பார்த்தவராக இருந்தாலும் புது விதிப்படிதான் ஒயர் இழுக்கணும். அதற்காகத் தனி வகுப்புகளே நடக்கின்றன.

இங்கே வகுப்பே கிடையாதா என்றால், உண்டு. ஐ.டி.ஐ.யில் ஒயர்மேன் பிரிவுக்கு எட்டாம் வகுப்பு போதும், 2 வருஷம். ஃபைபர் ஒட்டும் வேலைக்கு மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் குறுகிய காலப் படிப்பும் இருக்கு. சிக்கல் வேறு இடத்தில். கனெக்‌ஷனுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர், வகுப்புக்குப் போனால் அன்றைக்கு வீட்டில் உலை கொதிக்காது. அந்த நாள் கூலியை ஆபரேட்டரோ கம்பெனியோ கொடுக்கணும். 5 ஆயிரம் ரூபாய் வாங்கிப் பதிவு கொடுக்கிற அரசு, "பயிற்சி பெற்ற ஆள் எத்தனை பேர்?" என்று ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கலாம். பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

அதுவரை ஏறுகிறவர்கள் மழை நேரத்தில் ஏற வேண்டாம். அலுமினிய ஏணியை மின் கம்பி பக்கம் கொண்டுபோகவே கூடாது. லைனை நிறுத்தாமல் கம்பத்தில் கை வைக்கச் சொன்னால் மறுத்துவிடலாம். தெருவில் ஒயர் அறுந்து கிடந்தால், அது கேபிள் ஒயராகவே இருந்தாலும் யாரும் தொடாமல் மின்வாரியத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லணும்.