நோவும் அடிமைத்தனமும் ஒரே உடலில் இருக்கும்போது

போதைவஸ்துக்கு அடிமையானவர் என்று ஊரறிந்த ஒருவர் வைத்தியசாலைக்குச் சென்று, "நாரி நோவு தாங்க முடியவில்லை" என்று சொன்னால் அவருக்குக் கிடைப்பது என்ன? பெரும்பாலும் ஒரு சந்தேகப் பார்வையும் சில பனடோல் குளிசைகளுமே. குளிசை வாங்கத்தான் நோவென்று நடிக்கின்றார் என்பது முதலிலேயே முடிவாகிவிடுகின்றது. இந்த முடிவு பல வேளைகளில் பிழையானது என்பதே எமது கருத்து.

யுத்தம் 2009 மே மாதத்தில் முடிவுற்றது. ஆயினும் ஷெல் துண்டுகளை உடலில் சுமந்தபடி வன்னியில் இன்றும் பலர் வாழ்கின்றனர். பனையிலிருந்து விழுந்து முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட சீவல் தொழிலாளரும், மோட்டார் சைக்கிள் விபத்தில் காலை இழந்தவர்களும் எம்மிடையே உள்ளனர். நரம்பு சேதமடைந்தால் காயம் ஆறிய பின்னரும் நோவு ஆறுவதில்லை. இத்தகையவர்களுள் ஒருவர் ட்ராமடோல் குளிசையில் தொடங்கி, அளவைக் கூட்டிக் கூட்டிப் பின்னர் ஹெரோயினுக்குப் போய்விட்டால், அவருக்கு நோய் இரண்டு. ஒன்று வந்ததனால் மற்றது பொய்யாகிவிடுவதில்லை.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். மோர்பின் போன்ற அபின்வகை மருந்தைச் சில வாரங்கள் தொடர்ந்து எடுக்கும் எவருக்கும், அதைத் திடீரென நிறுத்தினால் வியர்வை, வயிற்றோட்டம், நடுக்கம், நித்திரையின்மை என்பன வரும். அது உடல் பழகிப்போனதன் விளைவு, புற்றுநோயாளிக்கும் வரும். அடிமைத்தனம் என்பது வேறு. கேடு விளைவதைக் கண்டும் நிறுத்த முடியாமல், அந்த மருந்தைத் தேடி அலைவதே அது. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணுவதால், சாகக் கிடக்கும் புற்றுநோயாளிக்குக்கூட மோர்பின் கொடுக்க வீட்டார் அஞ்சுகின்றனர்.

அடிமைப்பட்டவரின் உடல் நோவை உணரும் விதமும் மாறிவிடுகின்றது. நீண்டகாலம் அபின்வகை மருந்து எடுத்தவருக்குச் சாதாரண அளவு மருந்து போதாது. சிலருக்கு நோவுணர்வு முன்னரிலும் கூர்மையாகிவிடுவதும் உண்டு. ஆகவே அவர் சத்திரசிகிச்சையின் பின் கூடுதலாக முனகினால் அது நாடகம் அல்ல.

மெதடோன், புப்ரநோர்பின் ஆகிய இரு மருந்துகளும் அடிமைத்தனத்துக்குச் சிகிச்சையாகப் பல நாடுகளில் கொடுக்கப்படுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2005ஆம் ஆண்டு இவற்றைத் தனது அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஒரு வேளை மெதடோன் எடுத்தால் ஒரு நாளும் அதற்கு மேலும் போதைக்கான தவிப்பு அடங்கியிருக்கும். ஆனால் அதே மருந்து நோவைத் தணிப்பது சுமார் எட்டு மணித்தியாலங்களுக்குள்தான். காலையில் குடித்தவருக்கு மாலையில் நோவு திரும்பும். நாளுக்குரிய அளவையே மூன்று அல்லது நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுத்தால் இரு நோய்க்கும் உதவும். இந்தச் சிறு விடயம் தெரியாததால், "மருந்து எடுத்தும் இன்னும் கேட்கிறான்" என்ற ஏச்சு நோயாளிக்கு வந்து சேருகின்றது.

இதற்கு மறுபக்கமும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு ஒக்ஸிகொன்டின் குளிசை விற்பனைக்கு வந்தபோது, அதற்கு அடிமையாகும் ஆபத்து குறைவென்று சொல்லியே விற்றனர். அவ்வாறு பிழையாக எடுத்துக்காட்டிய குற்றத்தை 2007ஆம் ஆண்டு அந்தக் கம்பனி நீதிமன்றில் ஒப்புக்கொண்டது. அதற்குள் பெருந்தொகையானோர் அடிமைப்பட்டுவிட்டனர். பின்னர் மருத்துவர்கள் பயந்து, 2016ஆம் ஆண்டு வெளிவந்த வழிகாட்டலைக் காரணங்காட்டிப் பலருக்கு மருந்தைச் சடுதியாக வெட்டினர். திடீர் நிறுத்தம் தற்கொலை வரை கொண்டுசெல்லக்கூடும் என 2019ஆம் ஆண்டு அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் எச்சரிக்க வேண்டியதாயிற்று. 2022ஆம் ஆண்டு அவ்வழிகாட்டலும் திருத்தப்பட்டது. அள்ளிக் கொடுத்ததும் கேடு, பறித்ததும் கேடு.

எமது நாட்டில் பறிக்கும் வழிதான் பலமாக உள்ளது. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஒருவரைக் கட்டாய புனர்வாழ்வுக்கு அனுப்பலாம். 2023 டிசம்பரில் தொடங்கிய 'யுக்திய' நடவடிக்கையில் ஆயிரக்கணக்கானோர் கைதாகினர். பிடிபட்டவருக்கு முதுகில் என்ன காயம், அது எப்போதிருந்து நோகின்றது என்று யார் கேட்பது? போதையை மட்டும் நிறுத்தி, நோவை அப்படியே வைத்து வீட்டுக்கு அனுப்பினால் அவர் மீண்டும் எங்கே போவார் என்பதை ஊகிக்கப் பெரும் படிப்புத் தேவையில்லை.

ஆகவே நோவுக்கு ஒரு கிளினிக், போதைக்கு இன்னொரு இடம் என்று ஆளை அலையவிடாது, இரண்டையும் ஒரே வைத்தியர், ஒரே கிளினிக் கொப்பியில் பார்க்க வேண்டும் என்று கேட்கின்றோம். உடற்பயிற்சிச் சிகிச்சையும் உளவளத்துணையும் அங்கேயே கிடைக்கட்டும். நரம்பு நோவுக்கு அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகள் உள்ளன. பிரிகபாலினும் உதவும், ஆனால் அதுவே இன்று போதைக்காகக் களவாக விற்கப்படுவதால் கவனம் வேண்டும். அபின்வகை மருந்து அவசியமானால் ஒரு மாதத்துக்கு மொத்தமாகக் கொடாமல் கிழமைக்குக் கிழமை கொடுக்கலாம். குறைப்பதானால் நோயாளியுடன் பேசி மெல்ல மெல்லக் குறைக்கலாம்.

வீட்டில் அந்தக் குளிசைகளைப் பூட்டி வைத்து வேளைக்கு எடுத்துக் கொடுப்பவர் அநேகமாக மனைவி அல்லது தாய். கிளினிக்குக்கு அவரையும் அழைத்து, எவ்வளவு, எப்போது, எந்த அறிகுறி கண்டால் உடனே கொண்டுவர வேண்டும் என்று இருத்திவைத்துச் சொல்ல பத்து நிமிடம் போதும்.