சங்கிலி தவக்குல் ஆகாது

 

ஒலிபெருக்கி முழங்கினால் காதைப் பொத்தி அலறும் குழந்தையையும், சட்டை உரசினாலே துடிக்கும் குழந்தையையும் கண்டு, 'ஜின் பிடித்துவிட்டது' என்று தீர்ப்பளிக்கின்றனர் நம்மவர்கள். மதுரையிலிருந்து ஏர்வாடிக்குப் பேருந்து ஏறுகின்றனர். இதே தீர்ப்பு மனநோயாளிகளை எங்கே கொண்டுசேர்த்தது? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியின் தனியார் காப்பகமொன்றில் மூண்ட தீயில், சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப வழியின்றிக் கருகினர். மாண்டோர் 28 பேர். சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்தது. மார்க்கம் அதனை என்றைக்கு அனுமதித்தது?

'மாத்திரை கொடுத்தால் பிள்ளை மந்தமாகிவிடும்' என்று அஞ்சித் தாயத்தை நாடுவோரிடம் நாம் கேட்கிறோம்: ஊஞ்சலாட்டமும், உடலுழைப்புள்ள விளையாட்டும், ஓசைக்குச் சிறிது சிறிதாகப் பழக்குவதும், மாறாத நாளொழுங்கும் மாத்திரைகளா? ஆக்குபேஷனல் தெரபி என்பது பெரும்பாலும் இவைதாமே! மருந்து வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்லட்டும். அரசு இராசாசி மருத்துவமனை நம் ஊரிலேயே இருக்கிறது.

குழந்தையின் அழுகுரல் கேட்டுத் தொழுகையையே சுருக்கினார்கள் நபி (ஸல்) அவர்கள். நாமோ, அழும் பிள்ளையின் தாயைப் பள்ளிவாசலிலிருந்து முறைத்தே வெளியேற்றுகிறோம். எந்த நோய்க்கும் நிவாரணம் இறக்கப்பட்டுள்ளது என்பது அவர்கள் போதனை. அதனைத் தேடுவதும் தவக்குலே.

துஆவும் செய்வோம், சிகிச்சையும் அளிப்போம். அல்லாஹ் நல்விளக்கம் அருள்வானாக! ஆமீன்.