நெல்லுக்குத் தார்ப்பாய் உண்டு, டிரைவருக்கு?

பங்குனி வெயிலில் பிசான நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் குவித்துவிட்டு, மழை வந்துவிடுமோ என்று வானத்தைப் பார்ப்பது நமக்குப் பழக்கம். மூட்டைக்குத் தார்ப்பாய் தயாராக இருக்கும். அதை ஏற்றிப்போக வந்து வரிசையில் நிற்கும் லாரி டிரைவரின் தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

நானும் பார்த்தவன் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பு எங்கள் பக்கத்து நிலையம் ஒன்றில், காலையிலிருந்து காத்துக்கிடந்த டிரைவர் மதியம் இரண்டு மணிக்கு வண்டியைவிட்டு இறங்கித் தள்ளாடினார். பேச்சு குழறியது. "அண்ணாச்சி போட்டுட்டு வந்திருக்காரு போல" என்றார் ஒருவர். நானும் நம்பினேன். அரை மணி நேரம் கழித்து மூட்டை தூக்குபவர் ஒருவர்தான் அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, உடம்பு கொதிக்கிறது என்று கத்தினார். வேப்பமர நிழலில் கிடத்தி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, சாக்கால் விசிறி, 108-ஐ அழைத்தோம். பிழைத்துக்கொண்டார்.

வெப்பவாதம் வந்தால் உடல் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி மூளையைத் தாக்குகிறது. அதனால்தான் குழறலும் தள்ளாட்டமும் காரணமில்லாத கோபமும். வியர்வை நின்றிருக்கலாம், நிற்காமலும் இருக்கலாம். ஆகவே சந்தேகம் வந்தால் முதலில் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் அல்லது ஈரத்துணி வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். காய்ச்சல் மாத்திரை இதற்கு வேலை செய்யாது. ஆம்புலன்ஸ் வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தக்கூடாது.

ஓடும் லாரியில் காற்றாவது வரும். நிற்கும் லாரியில் மேலே தகரம், முன்னால் கண்ணாடி, பக்கத்தில் ஆறாத என்ஜின். தாமிரபரணிப் பாசனத்தில் வாய்க்காலும் வயலும் சூழ்ந்திருப்பதால் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை சீக்கிரம் காயாது. இறங்கிப்போனால் வரிசை போய்விடும், டீசலுக்கும் பயம். ஒதுங்க இடம் இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1.10.2025 முதல் தயாராகும், 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களின் கேபினுக்கு ஏசி கட்டாயம். ஆனால் நம் களத்துக்கு வருபவை பெரும்பாலும் அதற்கு முந்தைய வண்டிகள். ஏசி இருந்தாலும், நிற்கும் வண்டியில் அதற்காக என்ஜினை ஓடவிட எந்த முதலாளி டீசல் கொடுப்பார்? மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே ஐந்து மணி நேர வேலைக்கு அரை மணி ஓய்வு என்றது. வரிசையில் வெந்துகொண்டிருப்பதையே நாம் ஓய்வு என்று நினைத்துக்கொள்கிறோம். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. நல்லதுதான், ஆனால் அது இறந்த பிறகு.

நுகர்பொருள் வாணிபக் கழகம் நிலையந்தோறும் நிழல்கூடமும் கழிப்பறையும் கட்டவேண்டும். லாரிக்கு நேரம் குறித்த டோக்கன் கொடுத்தால் டிரைவர் ஸ்டியரிங்கைக் காத்துக் கிடக்கவேண்டியதில்லை. 12 முதல் 3 மணி வரை ஏற்றுவதை நிறுத்தினால் மூட்டை தூக்குபவர்களும் தப்பிப்பார்கள்.

வாழையில் நேரம் முழுக்க நம் கையில்தான் இருக்கிறது. களக்காடு பக்கம் ஏத்தன் தார் ஏற்ற வரும் லாரியைக் காலையிலேயே வரச் சொல்லிவிட்டு, பத்து மணிக்குமேல் வெட்ட ஆரம்பிக்கிறோம். விடியற்காலையில் வெட்டி, வெயில் ஏறுமுன் ஏற்றிவிட்டால் காயும் வாடாது. வேளாண் உதவி அலுவலர்கள் அறுவடைக்கு முந்தைய கூட்டங்களில் உரம், பூச்சியோடு இதையும் ஐந்து நிமிஷம் பேசலாம். அறுவடை இயந்திரம் ஓட்ட வருகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

எங்கள் ஊரில் வரும் பிசான அறுவடைக்கு முன் களத்து ஓரத்தில் ஒரு கிடுகுப் பந்தல் போடப் பேசியிருக்கிறோம். ஓலை தருவதாக இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். தினமும் பானையில் தண்ணீர் நிரப்ப ஆள்தான் இன்னும் கிடைக்கவில்லை.