சாவுக்குக் கணக்கில்லாத படை

'வார் ஆஃப் தி ரிங்' என்ற பலகை விளையாட்டில் ஒரு விதி இருக்கிறது. 'சுதந்திர மக்கள்' தரப்பில் ஒரு வீரன் செத்தால், அந்தப் பொம்மையைப் பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும். ஆட்டம் முடியும்வரை அது திரும்பி வராது. 'நிழல்' தரப்பில் ஒரு வீரன் செத்தால் அவனை எடுத்துப் பலகைக்குப் பக்கத்தில் இருக்கும் சேமப்படையில் வைக்கலாம். அடுத்து ஆளெடுக்கும்போது அவன் மறுபடியும் களத்துக்கு வருவான். மறுபடி சாவான். மறுபடி வருவான்.

விளையாட்டைத் தெரியாத தோழர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். டோல்கீன் எழுதி 1954-55-ல் மூன்று பகுதிகளாக வெளிவந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலைப் பலரும் 2001 முதல் 2003 வரை வந்த திரைப்படங்கள் வழியாக அறிந்திருப்பார்கள். அந்த நாவலின் போர் முழுவதையும் ஒரு மேசைமேல் இருவர் நடத்திப் பார்க்கும்படி இத்தாலியர் மூவர் வடிவமைத்து 2004-ல் வெளிவந்த விளையாட்டு இது. ஒருவர் கையில் கோண்டோர், ரோஹான், எல்ஃபுகள், ட்வார்ஃபுகள், வடநாட்டார் என ஐந்து தேசங்கள். இன்னொருவர் கையில் சௌரான், ஐசன்கார்ட், 'தெற்கத்தியர்-கிழக்கத்தியர்' என மூன்று. இருநூறுக்கும் மேற்பட்ட பிளாஸ்டிக் பொம்மைகள். நல்லவர்களுக்கு ஆரம்பத்தில் 4 பகடை, கெட்டவர்களுக்கு 7. போரில் வெல்ல முதல் தரப்புக்கு 4 புள்ளி போதும், இரண்டாவது தரப்புக்கு 10 வேண்டும். இதற்கு நடுவே மோதிரத்தைச் சுமக்கும் சிறு கூட்டம் ஒன்று எதிரி நாட்டுக்குள் ஒளிந்து ஒளிந்து நடந்துகொண்டிருக்கும். விலை எளிய வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. எங்கள் வாசிப்பு வட்டத்தில் நான்கு பேர் காசு போட்டு வாங்கினோம்.

அருமையான விளையாட்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால், புரியாமல் திட்டுகிறான் என்று ஆர்வலர்கள் ஒதுக்கிவிடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் நேரம் வரை எழுந்திருக்க மனம் வராது. மோதிரக் கூட்டத்தை வேட்டையாட எத்தனை பகடையை ஒதுக்குவது, படைக்கு எத்தனை வைத்துக்கொள்வது என்று நிழல் தரப்புக்காரர் தலையைச் சொறிவதைப் பார்ப்பதே ஒரு சுகம்.

ஆனால் அந்தச் சுகம் எதன்மேல் நிற்கிறது? ஒரு தரப்பின் சாவுக்குக் கணக்கு உண்டு, இன்னொரு தரப்பின் சாவுக்குக் கணக்கு இல்லை என்பதன்மேல் நிற்கிறது. கோண்டோரின் வீரன் ஒருவன் விழுந்தால் ஆட்டக்காரருக்குப் பகீர் என்கிறது, ஏனென்றால் அவன் போனால் போனதுதான். ஓர்க்குகள் ஐந்து விழுந்தால் நிழல் தரப்புக்காரர் கண் இமைப்பதில்லை. இதயம் இல்லாதவரல்லர் அவர். விதி அவரை இமைக்க விடுவதில்லை. தோழர் ஒருவரின் மகள், எட்டாம் வகுப்புப் படிப்பவள், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள், "இவங்க எல்லாம் செத்தா யாருமே வருத்தப்பட மாட்டாங்களா மாமா?" என்று கேட்டாள். விதிப்புத்தகத்தில் அதற்கு இடமில்லை.

இன்னொரு விதியையும் சேர்த்துப் பாருங்கள். சுதந்திர மக்களின் தேசங்கள் நினைத்தவுடன் போருக்கு வந்துவிடுவதில்லை. அவற்றின் நிலையைக் காட்ட அரசியல் பட்டை என்று ஒன்று பலகையின் ஓரத்தில் இருக்கிறது. எல்ஃபுகளைத் தவிர மற்றவர்கள் உறங்கும் நிலையில்தான் தொடங்குவார்கள். யாராவது தாக்க வேண்டும், அல்லது மோதிரக் கூட்டத்தைச் சேர்ந்தவர் யாராவது போய் எழுப்ப வேண்டும். அதன் பிறகுதான் படிப்படியாகப் போர்நிலைக்கு வருவார்கள். அதாவது அவர்களுக்குத் தயக்கம் உண்டு, யோசனை உண்டு. நிழலின் மூன்று தேசங்களுக்கு உறக்கமே கிடையாது. முதல் நிமிடத்திலேயே விழித்து நிற்கிறார்கள். யாரும் அவர்களிடம் போய் ஏன், எதற்கு என்று பேச வேண்டியதில்லை. ஆளெடுக்கும் பகடை விழுந்தால் போதும், போரை நோக்கி ஒரு படி இறங்குவார்கள்.

ஓர்க்குகளையாவது கற்பனை உயிர்கள் என்று விட்டுவிடலாம். தெற்கத்தியரும் கிழக்கத்தியரும் மனிதர்கள். நாவலிலேயே மனிதர்கள்தான். தெற்கிலிருந்து வருபவர்கள் கறுத்த தோலுடையவர்கள், யானைமேல் வருபவர்கள். மூமக் என்ற அந்தப் பேருரு யானைதான் பலகையில் அவர்களின் உயர்படை. அதாவது அந்தத் தேசத்தின் தலைசிறந்த வீரனாக நிற்பது ஒரு விலங்கு. கோண்டோருக்கும் ரோஹானுக்கும் சொந்தத் தலைவர்கள் பொம்மைகளாக இருக்கிறார்கள். தெற்கத்தியருக்குச் சொந்தமாக ஒரு தலைவர்கூட இல்லை. அவர்களை நடத்திச் செல்லப் பெரும்பாலும் சௌரானின் ஏவலாட்களான நாஸ்கூல்கள் பறந்து வர வேண்டும். கறுத்த மக்கள், யானைகள், தலைவர் இல்லை, சாவுக்குக் கணக்கு இல்லை. தெற்கே உட்கார்ந்து விளையாடும் நமக்கு இது உறுத்தாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

2002-ல் ரெய்னர் நிட்ஸியா வடிவமைத்த 'தி கன்ஃப்ரன்டேஷன்' என்ற இன்னொரு இருவர் ஆட்டமும் இதே நாவலிலிருந்து வந்தது. ஆளுக்கு ஒன்பது காய்கள். நல்லவர் பக்கம் ஒன்பதும் ஒன்பது பெயருள்ள மனிதர்கள்: ஃப்ரோடோ, சாம், மெர்ரி, பிப்பின், கந்தால்ஃப் என்று. எதிர்ப்பக்கம் சாருமானுக்கும் ஷெலோப் என்ற சிலந்திக்கும் பெயர் உண்டு. மற்றவை பெரும்பாலும் இனத்தின் பெயர் அல்லது பதவியின் பெயர். அதில் ஒரு காயின் பெயர் வெறும் 'ஓர்க்குகள்'. ஒரே காய், பன்மைப் பெயர். ஊருக்குள் ஆளுக்கொரு பெயர் இருக்க, சேரிக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பெயர் வைத்து அழைத்த பழக்கம் நமக்குத் தெரியாததல்ல.

இதற்கெல்லாம் டோல்கீன்தான் காரணம் என்று முடித்துவிடுவது எளிது. ஆனால் நேர்மையாகப் பார்த்தால் நாவல் விளையாட்டைவிட நல்லது. தெற்கத்திய வீரன் ஒருவன் சாம் என்ற எளிய தோட்டக்காரனின் கண்முன்னே செத்து விழும் இடம் ஒன்று இருக்கிறது. இவன் பெயர் என்னவாக இருக்கும், எந்த ஊர், உண்மையிலேயே தீயவன்தானா, அல்லது யாருடைய பொய்க்கும் மிரட்டலுக்கும் பயந்து இவ்வளவு தூரம் வந்தானா என்று சாம் யோசிக்கிறான். படத்தில் இந்த யோசனையை ஃபராமிர் என்ற பிரபுவின் வாயில் வைத்துவிட்டார்கள். வேலைக்காரனிடமிருந்து எடுத்து எஜமானுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பது என் எரிச்சல். இன்னோரிடத்தில் ஓர்க்குகள் இருவர் பேசிக்கொள்கிறார்கள். இந்தப் போர் முடிந்தால் நம்பிக்கையான நாலு பேரைக் கூட்டிக்கொண்டு, மேலே பெரிய முதலாளிகள் யாரும் இல்லாத இடமாகப் பார்த்துப் போய்விடலாமா என்று! கூலிப்படையில் மாட்டிக்கொண்ட எந்த மனிதனும் பேசக்கூடிய பேச்சு. போர் முடிந்த பிறகு அரசன் தெற்கத்தியரோடு சமாதானம் செய்கிறான், சரணடைந்த கிழக்கத்தியரை மன்னிக்கிறான், மோர்டோரின் வயல்களில் உழைத்த அடிமைகளை விடுவித்து அந்த ஏரிக்கரை நிலங்களை அவர்களுக்கே கொடுக்கிறான். நிலம்! உழைத்தவனுக்கே நிலம்! ஓர்க்குகளுக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை.

டோல்கீனின் உள்ளேயே இந்த முரண் இருந்தது. 1938-ல் ஜெர்மன் பதிப்பகம் ஒன்று அவருடைய புத்தகத்தை மொழிபெயர்க்க விரும்பி, நீங்கள் ஆரிய வம்சமா என்று கேட்டது. ஆரியம் என்பது இந்திய-ஈரானிய மொழிகள் சார்ந்தது, என் முன்னோர் அவற்றையெல்லாம் பேசியதில்லை, யூதரா என்பதுதான் கேள்வி என்றால் அந்தத் திறமிக்க மக்களில் எனக்கு முன்னோர் இல்லாதது வருத்தமே என்ற பொருள்பட அவர் பதில் வரைந்தார். நம் ஊரில் 'ஆரியர்' என்பதைப் பெருமைப் பட்டமாகச் சுமந்து திரிபவர்கள் படிக்க வேண்டிய பதில். அதே மனிதர்தான் 1958-ல், ஓர்க்குகள் எப்படி இருப்பார்கள் என்று விளக்கும்போது, ஐரோப்பியர் கண்ணுக்கு அழகற்ற மங்கோலிய முகங்களின் சீரழிந்த வடிவம் என்று எழுதினார். ஓர்க்குகள் பிறப்பிலேயே மீட்சியற்றவர்களா என்ற கேள்வி அவரைக் கடைசிவரை விடவில்லை. மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தார், முடிவுக்கு வரவில்லை.

நாவலாசிரியர் தடுமாறலாம். விதிப்புத்தகம் தடுமாறாது. ஒரு மக்கள்கூட்டம் இப்படித்தான் என்று கதை சொன்னால், 'அப்படியா?' என்று கேட்க வாசகருக்கு இடமிருக்கிறது. அதையே விதியாக்கிவிட்டால் கேட்க முடியாது. கேட்டால் ஆட்டம் நின்றுவிடும். மனுவுக்கும் வியாசருக்கும் உள்ள வேறுபாடு இதுதான். கர்ணனுக்காக அழுபவர்கள் கோடிப்பேர். மனுவின் தண்டனைப் பட்டியலைப் படித்துவிட்டு யாராவது யாருக்காகவாவது அழ அதில் வழி உண்டா?

'இது வெறும் விளையாட்டு தோழர், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் சதுரங்கம் ஆடிவிட்டுப் போகலாமே, நிழலின் படை எண்ணிலடங்காதது என்று நாவலே சொல்கிறதே' என்று கேட்பார்கள். கேட்டார்கள். சரிதான், இரு தரப்பும் வேறு வேறாக இருப்பதில்தான் இந்த ஆட்டத்தின் ருசி. ஆனால் படை பெரிதென்று காட்ட ஆயிரம் வழி உண்டு. கூடுதல் பொம்மை கொடுக்கலாம், கூடுதல் பகடை கொடுக்கலாம். அதைத்தான் ஏற்கெனவே கொடுத்திருக்கிறார்களே! செத்தவனே திரும்பி வருவது என்பது அளவைப் பற்றிய விதியே அல்ல. இவனும் அவனும் வேறு வேறு ஆள் இல்லை, ஒருவன் போனால் இன்னொருவன், எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லும் விதி.

இந்த விதி வெளியேயும் அமலில் இருக்கிறது. மலக்குழிக்குள் ஒருவர் மூச்சுத்திணறி இறக்கிறார், அடுத்த வாரம் அதே ஒப்பந்தக்காரர் அதே சேரியிலிருந்து இன்னொருவரை இறக்குகிறார். மனிதரை இந்த வேலைக்கு அமர்த்துவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-ல் வந்தது. 1993 முதல் நடந்த சாவுகளைக் கணக்கெடுத்துக் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்கும்படி 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. செத்தவர்களைத் தேடிப் பெயர் பெயராக எழுதி, நீதிமன்றப் படியேறிக் கேட்டதால் வந்த கணக்கு அது. யாரும் தானாக எண்ணவில்லை.

கதையைத் தோற்றவர் பக்கத்திலிருந்து படிப்பது நமக்குப் புதிதல்ல. ஜோதிராவ் புலே 1873-ல் 'குலாம்கிரி'யில் அவதாரக் கதைகளைத் தலைகீழாக்கினார். வாமனன் மிதித்து அழுத்திய பலி மன்னன் அதில் மக்களின் அரசன். பெரியார் இராமாயணத்தை அப்படித்தான் படித்தார். டோல்கீனுக்கும் இது நடந்திருக்கிறது. ரஷ்யரான கிரில் யெஸ்கோவ் 1999-ல் இதே போரை மோர்டோர் பக்கத்திலிருந்து ஒரு நாவலாக எழுதினார். ஓர்க்குகளைப் பிரபலமாக்கிய இன்னொரு விளையாட்டான 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' 2024-ல் 'இனம்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'உயிரினம்' என்று பொருள்படும் சொல்லைப் போட்டது. 'ஹரிஜன்' என்று பெயர் சூட்டப்பட்ட நமக்கு இந்தப் பெயர்மாற்ற வித்தை தெரியும். ஆனால் அவர்கள் பிறப்போடு ஒட்டியிருந்த திறன் மதிப்புகளையும் பிரித்து எடுத்தார்கள். அது பெயர்மாற்றமல்ல, விதிமாற்றம். வரவேற்கிறேன்.

நாங்களும் ஒரு விதியை மாற்றிப் பார்த்தோம். தெற்கத்தியர்-கிழக்கத்தியர் செத்தால் அவர்களும் திரும்பி வரமாட்டார்கள், அவ்வளவுதான். நிழல் தரப்பில் உட்கார்ந்தவர் எப்போதும் முதல் சுற்றுகளிலேயே மூமக்குகளைத் தள்ளிக்கொண்டு வருபவர். அன்று அவற்றைத் தெற்கிலேயே நிறுத்தி வைத்திருந்தார். ஒரு முற்றுகையில் முதல் மோதலிலேயே இரண்டு பொம்மை போனதும், தாக்குதலை நிறுத்திக்கொண்டார். 'ஆட்டத்தின் சமநிலையே போச்சு' என்று கடைசியில் சலித்துக்கொண்டார். அந்தச் சமநிலை இத்தனை நாளும் யார் தோள்மேல் உட்கார்ந்திருந்தது என்று கேட்டேன். சிரித்துவிட்டு, 'அப்போ ஓர்க்குகளுக்கும் அப்படியே வைப்போமா, நான் ஜெயிக்கவே முடியாதே' என்றார்.

ஓர்க்குகளுக்கு வேறு விதி தேவைப்படும் என்று நினைக்கிறோம். பெரிய முதலாளி இல்லாத இடம் தேடிப் போக அந்த இருவர் ஆசைப்பட்டார்களே, அதற்கு ஒரு வழி. நிழலின் பகடையில் ஒரு முகத்தில் கண் இருக்கும். அது விழுந்தால் சௌரானின் பார்வை மோதிர வேட்டைக்குப் போய்விட்டது என்று பொருள். எஜமானின் கண் வேறு பக்கம் திரும்பியிருக்கும் அந்த நேரத்தில், நாஸ்கூல் பக்கத்தில் இல்லாத ஓர்க்குப் படையிலிருந்து ஒரு பொம்மை பலகையை விட்டு வெளியேறலாம் என்று எழுதி வைத்திருக்கிறோம். வெளியேறியதைப் பெட்டிக்குள் போடக்கூடாது என்கிறாள் அந்த எட்டாம் வகுப்புக்காரி. எங்கே வைப்பது என்பதில் இன்னும் இழுபறிதான்.