ஊர் கொடுத்த பள்ளிகள்: ஊத்துக்கோட்டை வட்டாரத்துக் கோரிக்கைச் சாசனம்

எல்லாபுரம், பூண்டி ஒன்றியங்களின் தொடக்கப் பள்ளிகளில் படித்தவர்களும், இன்று அங்கே பிள்ளைகளை அனுப்புகிறவர்களும் இதை எழுதுகிறோம். காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்த 1958-இல், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நம் பக்கத்துக் கடம்பத்தூரில்தான் தொடங்கின. அதன்பின் தமிழகமெங்கும் மனை, மரம், பெஞ்சு, கரும்பலகை என்று முடிந்ததை ஊரார் கொடுத்தார்கள். அந்த உரிமையோடுதான் கேட்கிறோம்.

ஒவ்வொரு பள்ளிக்கும் கட்டட வரலாற்றுப் பதிவேடு வேண்டும். மனை கொடுத்தவர் யார், எந்த அறை எந்த ஆண்டு எழுந்தது, கடைசியாகத் தளம் எப்போது பழுது பார்க்கப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். வாய்ச்சொல்லாக வந்த மனைகள் பள்ளியின் பெயருக்கு மாறாமல் கிடந்தால், புதுக் கட்டடத்துக்குக் கடைக்கால் தோண்டும் நாளில் தகராறு வரும். கொடுத்ததைக் கண்ணால் பார்த்த பெரியவர்கள் இருக்கும்போதே கிராம நிர்வாக அலுவலர் வந்து எழுதிக்கொள்ள வேண்டும். அவர்களில் பலர் எண்பதைக் கடந்துவிட்டார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பருக்குள் பொறியாளர் நேரில் வந்து தளம், சுவர், கழிப்பறை, சமையல்கூடம் எல்லாவற்றையும் பார்த்து, முடிவைப் பள்ளி வாசலில் ஒட்ட வேண்டும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிடும். ஆரணியாறு பெருகினால் பார்க்க வரவும் வழியிருக்காது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீயில் 94 குழந்தைகள் கருகிய பிறகுதான் பள்ளிகளின் கீற்றுக் கூரைகளைப் பிரித்தார்கள். நெல்லையில் 2021 டிசம்பர் 17 அன்று பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மாணவர்கள் 3 பேர் இறந்த பிறகுதான் பழுதான கட்டடங்களை இடிக்க ஆணை பறந்தது. எங்கள் பிள்ளைகள் விஷயத்தில் முதலில் பொறியாளர் வரட்டும்.

இடிக்கும் ஆணையும் கட்டும் ஆணையும் ஒரே நாளில் வர வேண்டும். புதுக் கட்டடம் எழும்வரை வகுப்பு நடக்க, அதே ஊரில் வாடகை இடத்தை ஒன்றியமே பிடித்துத் தர வேண்டும். மரத்தடியில் போகும் ஒரு பருவம் பிள்ளைக்குத் திரும்பி வராது.

ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு வகுப்பறை, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் ஆகியவை கல்வி உரிமைச் சட்டத்தில் உள்ளவை. சட்டம் கொடுத்த மூன்றாண்டுக் கெடு 2013 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. செங்கல் சூளைகளுக்குக் குடும்பத்தோடு வரும் தொழிலாளர்களின் பிள்ளைகளையும் சேர்த்தே அறைகளைக் கணக்கிட வேண்டும்.

பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்துக்கு ஐந்தாண்டில் 7,000 கோடி ரூபாய் என்று 2022-இல் அரசு அறிவித்தது. அதில் எங்கள் வட்டாரப் பள்ளிகள் எவை, எந்த ஆண்டில் என்ற பட்டியலை வெளியிட வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியையும் மாவட்ட நிர்வாகம் கேட்டுப் பெறலாம். அரசின் பங்கு அதனால் குறையக் கூடாது.

கட்டடம் ஒன்றியத்திடம், ஆசிரியர் கல்வித் துறையிடம் என்று இருப்பதால் எங்கள் மனு இரண்டு அலுவலகங்களுக்கு இடையே அலைகிறது. இரண்டுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல ஒரே அலுவலரை நியமியுங்கள். அவர் ஆகஸ்ட் 15 கிராமசபைக்கு வந்து, ஒவ்வொரு கோரிக்கையும் எந்தத் தேதியில் முடியும் என்பதை எழுத்தில் தரட்டும்.