பிழை எவருடையது? பழி எவர் மீது?

தோழர்களே! 2024 பிப்ரவரித் திங்களில், இடைக்கால வரவு செலவுத் திட்டத்தை நாடாளுமன்றத்தில் வைத்த மத்திய நிதியமைச்சர் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டார். நேர்முக வரி ஏடுகளில், 1962ஆம் ஆண்டு தொட்டே தேங்கிக் கிடக்கும் சிறுசிறு பாக்கிகள் ஏராளம். சரிபார்க்கப்படாதவையும் கணக்கு ஒத்துவராதவையும் வழக்கில் உள்ளவையும் அவற்றில் உண்டு. நேர்மையாக வரி கட்டுவோரை அவை கலங்க வைக்கின்றன. பிந்திய ஆண்டுகளில் திருப்பித் தர வேண்டிய பணத்தையும் தடுத்து நிற்கின்றன என்றார். 2009-10 வரையிலான காலத்துக்கு 25,000 ரூபாய் வரையும், 2010-11 முதல் 2014-15 வரை 10,000 ரூபாய் வரையும் உள்ள பாக்கிகள் கைவிடப்படும், ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் பயனடைவர் என்றும் அறிவித்தார்.

பெருந்தன்மை என்றனர் சிலர். சரிபார்க்கப்படாத பாக்கி, பாக்கியே ஆகுமா? சட்டத்தின் ஆணையின்றி எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 265ஆவது பிரிவு. தன் ஏட்டைத் தானே திருத்தாது பல்லாண்டு வைத்திருந்துவிட்டு, பின்னர் அதையே சலுகை என்று நீட்டுவதற்குப் பெயர் பெருந்தன்மையா?

மாதச் சம்பளக்காரரின் நிலையைப் பாருங்கள். கூலி கைக்கு வருமுன்னரே வரி பிடித்தமாகிவிடுகிறது. முதலாளி அதைக் கருவூலத்தில் கட்டத் தவறினாலும், கணக்கு எண்ணைத் தவறாக எழுதினாலும், அறிவிப்பு வருவது தொழிலாளியின் வீட்டுக்கு! பிடித்தம் செய்த அளவுக்கு அவரிடம் மறுபடி கேட்கலாகாது என்பது 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 205ஆவது பிரிவு. எத்தனை பேருக்கு அது தெரியும்?

தெரியாமையைப் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது என்று அரசே சொல்லியிருக்கிறது. 1955 ஏப்ரல் 11ஆம் நாள் மத்திய வருவாய் வாரியம் அனுப்பிய சுற்றறிக்கை, வரி செலுத்துவோர் தம் உரிமையை அறியாதிருப்பதை அதிகாரிகள் தமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாகாது, அவருக்குரிய சலுகையைப் பெற்றிட உதவுவதும் அவர்கள் கடமை என்றது. நல்ல சொற்கள்தான், ஏட்டில் உறங்குகின்றன.

மேல்முறையீட்டுக் கதவு திறந்தேயிருக்கிறது என்பார்கள். திறந்த கதவுக்கு முன் காசுப் பெட்டி! முதல் மேல்முறையீடு முடியும்வரை வசூலை நிறுத்திவைக்க, வழக்கிலுள்ள தொகையில் நூற்றுக்கு இருபது கட்டவேண்டும் என 2017 ஜூலையில் நெறி வகுத்தது நேர்முக வரி வாரியம். அதனினும் குறைவாக ஏற்க அதிகாரிகளுக்கு உரிமை உண்டு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆலை முதலாளி இதனை அறிவார். அவருக்குத் தணிக்கையாளர் உண்டு, வழக்கறிஞர் உண்டு. ஆலைத் தொழிலாளிக்கு யார் உண்டு?

தொழிற்சங்க அலுவலகங்களில் மனு எழுதித் தரும் நம் தோழர்கள் இருக்கிறார்கள். 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு என இயற்றப்பட்டதாயினும், முந்திய ஆண்டுகளின் கணக்குகளுக்குப் பழைய சட்டமே பொருந்தும். ஆணையில் கண்கூடாகத் தெரியும் பிழைக்கு 154ஆவது பிரிவின்கீழ் திருத்த மனு. அதற்கு, ஆணை பிறந்த நிதியாண்டின் முடிவிலிருந்து நான்காண்டு அவகாசம். அதிகாரி தாமாகவும் திருத்தலாம். அதனைச் செய்யுமாறு எழுதிக் கேளுங்கள். சம்பளச் சீட்டுகளையும் பிடித்தச் சான்றையும் இணையுங்கள். வாதாட வேண்டிய விஷயமாயின் மேல்முறையீடுதான். அதற்கு முப்பதே நாள், அறிவிப்பு கைக்கு வந்த நாளிலிருந்து கணக்கு. ஆகவே உறையைத் தூக்கி எறியாது, அதன்மேல் அன்றைய தேதியைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.