தூக்கத்தைக் கெடுத்த விசிறி

என்னவருக்கு ஒரகடத்தில் இரவு ஷிப்ட். காலையில் வந்து படுத்தால், அதே அறையில் கொழுந்தன் படிக்கும் கம்ப்யூட்டர் பெட்டியின் விசிறி 'உய்ய்' என்று கூவும், அடங்கும், மறுபடி கூவும். இவர் புரண்டு புரண்டு படுப்பார். தூங்காத மனுஷர் ராத்திரி மெஷின் முன்னால் நிற்கணுமே என்று எனக்கு வயிற்றைக் கலக்கும். (2007-லேயே டெல் கம்ப்யூட்டர் தொழிற்சாலை வந்த ஸ்ரீபெரும்புதூரில் குடியிருந்தும் எனக்கு வழி தெரியவில்லை பாருங்கள்!)

"வேகத்தை நாமே வைக்கலாம், அண்ணி" என்றான் கொழுந்தன். முதலில் கரண்டை நிறுத்தி, இறக்கை சுழலாமல் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் தூசி தட்டினோம். ஆன் செய்ததும் டெலீட் கீயைத் தட்டினால் எங்கள் கம்ப்யூட்டரில் 'பயாஸ்' திரை வரும். அதில் சூடு 50 டிகிரி வரை 30 சதவீத வேகம், 65-ல் 50, 80-ல் முழு வேகம் என்று வைத்தான். அடுப்பைக் கூட்டிக் குறைப்பது மாதிரிதான். சட்டென்று எகிறாமலிருக்கச் சில வினாடி தாமதமும் உண்டு. ஒரே சீரான சத்தம் காதுக்குப் பழகிவிடும். ஏறி இறங்குவதுதான் எழுப்பிவிடும்.

அடியோடு நிறுத்திவிடாதீர்கள், நம்மூர் சித்திரை வெயிலுக்கு ஆகாது.

நேற்று இரண்டு மணிக்குச் சாப்பிட நான்தான் எழுப்ப வேண்டியிருந்தது.